பாப்பாவுக்குச் சித்தி எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பா,

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று நீ போனில் கேட்டபோது நான் பிடிகொடுக்காமல் பேசினேன் என்று உனக்கு வருத்தம். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இதைப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் ரெண்டு பக்கமும் அழுகையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை தூங்கினபிறகு தனியாக உட்கார்ந்து படி. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின ரிப்போர்ட்டையெல்லாம் பிரிண்ட் எடுத்து வரி விடாமல் பார்த்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். செய்துகொள். உனக்கு இது தேவை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்திருக்கிற தேதியில் வேண்டாம். பார்க்கவேண்டிய ஒன்றைப் பார்க்காமல், இரைப்பையை வெட்டிக் குறுக்குகிற அந்த ஸ்லீவ் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவும் வேண்டாம்.

முதலில் உன் அம்மா விஷயம். "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு வெட்டணும்" என்று அவள் கேட்பதை நீ பிடிவாதம் என்று நினைக்கிறாய். அவளுக்குப் பயம், அவ்வளவுதான். 2024-ல் புதுச்சேரிப் பையன் ஒருவன் சென்னையில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லையே, அந்தச் செய்தி அவள் மனசை விட்டுப் போகவில்லை. பைபாஸ் என்று நீ ஒரு தரம் சொன்னதை நெஞ்சைப் பிளக்கிற ஆபரேஷன் என்று வேறு நினைத்துக்கொண்டாள். இது வயிற்றில் செய்வது, சின்னச் சின்னத் துளை போட்டு கேமராவை விட்டுச் செய்வது என்று விளக்கியிருக்கிறேன். அவளுக்குச் சொன்ன கணக்கை உனக்கும் சொல்கிறேன். ஆபத்தே இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதே. ஆயிரம் பேருக்குச் செய்தால் முதல் மாதத்துக்குள் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரை இறக்கிறார்கள். பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷனும் கிட்டத்தட்ட இதே அளவு ஆபத்துத்தான். எங்கள் தெரு டீச்சர் பித்தப்பைக் கல்லுக்குப் போனபோது உன் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனாள், யாரும் கண்ணீர் விடவில்லை. ஆனாலும் அந்த ஒருவரும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான். அதனால் இதையே தொழிலாகச் செய்து கைதேர்ந்த டாக்டர் வேண்டும். நடுராத்திரி ஏதாவது ஆனாலும் ஐ.சி.யூ.வும் மயக்க டாக்டரும் அதே கட்டடத்தில் இருக்கவேண்டும். இந்த ரெண்டும் இல்லாத இடத்தில் நீ கையெழுத்துப் போட நான் விடமாட்டேன்.

உன் மாமியார் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "வாயைக் கட்டினா உடம்பு தானா இறங்கும், இதுக்குப் போய் லட்சம் லட்சமா கொட்டணுமா" என்றார்களாம். நீ வாயைக் கட்டாத வருஷம் எது? காலேஜில் ராத்திரிக்கு வெறும் பப்பாளி. கல்யாணத்துக்கு முன்னால் காய்கறி சூப். பிரசவத்துக்கு அப்புறம் பேலியோ. பேலியோவில் 18 கிலோ குறைத்துக்கொண்டு ஆச்சி திவசத்துக்கு வந்தாயே, வந்தவர்களெல்லாம் உன்னையே பார்த்தார்கள். அடுத்த ஒன்றரை வருஷத்தில் 22 கிலோ ஏறிவிட்டது. உன்னிடம் ஒழுங்கு இல்லாததால் ஏறினது என்று நீயும் நம்ப ஆரம்பித்துவிட்டாய். இல்லை கண்ணே. உடம்பு ஒரு எடைக்குப் பழகிவிட்டால் அதை விட்டுக்கொடுக்காது. எடை குறைந்ததும் பசியைத் தூண்டுகிற கிரெலின் ஹார்மோன் கூடும், நிறைந்துவிட்டது என்று சொல்கிற ஹார்மோன்கள் குறையும், சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தியைக்கூட உடம்பு சுருக்கிக்கொள்ளும். எடை குறைத்து ஒரு வருஷம் ஆனபிறகும் இந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். கிரெலின் அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுகிறது. அதனால் பசியே மாறிவிடுகிறது. சோம்பேறிகளின் குறுக்குவழி என்று இதைச் சொல்கிறவர்கள், ஆபரேஷன் ஆனபிறகு ஒருத்தி எப்படிச் சாப்பிட்டுப் பிழைக்கவேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் கூட இருந்து பார்க்கட்டும்.

உன் உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. பி.எம்.ஐ. 45-ஐ ஒட்டி வருகிறது. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த பழைய விதிப்படி பார்த்தாலே 40 தாண்டினவர்களுக்கு இந்த ஆபரேஷன் செய்யலாம். 2022-ல் அந்த வரம்பை 35 ஆக்கினார்கள். நம்மைப்போன்ற ஆசியாக்காரர்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுவதால் நமக்கு இன்னும் கீழே இறக்கியிருக்கிறார்கள். ஆனால் என்னை உலுக்கினது எடை இல்லை. மூன்று மாதச் சுகர் 9.1, அதுவும் ரெண்டு வகை மாத்திரை போட்டுக்கொண்டே. அப்புறம் அந்தத் தூக்கப் பரிசோதனைத் தாள். மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. உனக்கு 34 வயதுதான் ஆகிறது. போன லீவில் உன் மகள் என் மடியில் படுத்துக்கொண்டு, "சின்ன ஆச்சி, அம்மா தூங்கும்போது நின்னு நின்னு மூச்சு விடுறா, நான் முழிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த மூச்சு மிஷினை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாயாம். இன்று ராத்திரியிலிருந்து அதை மாட்டிக்கொண்டு தூங்கு. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிறவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

சுகர் போய்விடுமா என்று கேட்டிருந்தாய். ஸ்வீடனில் 1987-ல் ஆரம்பித்து, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் ரெண்டாயிரம் பேரையும் செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் வருஷக்கணக்கில் கூடவே கவனித்து வந்தார்கள். செய்துகொண்டவர்களிடம் சாவு குறைந்தது. சுகர் இருந்தவர்களில் ரெண்டு வருஷம் கழித்து 72 சதவீதம் பேருக்கு அது இல்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் 36 சதவீதம் பேருக்குத்தான் இல்லை. ஆக, திரும்பி வரலாம். ஆனால் சுகர் இல்லாமல் போகிற ஒவ்வொரு வருஷமும் உன் கண்ணுக்கும் கிட்னிக்கும் லாபம். வந்து கொஞ்ச வருஷமே ஆகி, இன்சுலின் வரை போகாதவர்களுக்குத்தான் பலன் நன்றாகக் கிடைக்கிறது. உனக்கு வந்து நாலு வருஷம். அதனால் வருஷக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது என்கிறேன்.

இப்போது எந்த ஆபரேஷன் என்கிற விஷயம். இதில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சர்ஜரி வார்டில் நர்ஸாகச் சேர்ந்த காலத்தில் கட்டிலுக்குக் கட்டில் வயிற்றுப்புண் கேஸ் இருக்கும். இன்றைக்கு மாத்திரையில் தீர்கிற நோய்க்கு அன்றைக்குக் கத்திதான். இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துத் தைப்பார்கள், சிலருக்கு இரைப்பையில் ஒரு பகுதியையே எடுப்பார்கள். அவர்களில் பலர் அப்புறம் சதை பிடிக்கவே மாட்டார்கள். இப்படி நடப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்கிற அமெரிக்க டாக்டர்தான் 1966-ல் எடை குறைப்பதற்கென்றே இரைப்பை பைபாஸைச் செய்தார். அதனால் இது நேற்று வந்த விளம்பரச் சரக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்த நோயாளிகளிடம் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கொண்டுவருகிற பாயசத்தைக் குடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடத்து, சுருண்டு படுத்துவிடுவார்கள். டம்பிங் என்போம். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குவதால் வருவது. பைபாஸ் செய்துகொண்டால் உனக்கும் வரலாம். இனிப்பை ஒதுக்கினால் பெரும்பாலும் வராது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. மேலே 30 மில்லி பிடிக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலின் சற்றுக் கீழான இடத்தோடு இணைக்கிறார்கள். ஸ்லீவ் சீக்கிரம் முடிகிற வேலை, சத்துக்குறைவும் பைபாஸ் அளவுக்கு வராது. அதனால்தான் இப்போது எங்கே பார்த்தாலும் ஸ்லீவ். ஆனால் அந்தக் குறுகின குழாயில் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். நெஞ்செரிச்சலே தெரியாதவர்களுக்கும் புதிதாக வருகிறது, ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் கூடுகிறது.

இப்போது சொல், உனக்கு நெஞ்செரிச்சல் எத்தனை வருஷமாக? மாசமாக இருந்தபோது தலையணையை அடுக்கி உட்கார்ந்த மேனிக்கே தூங்கினாய். அது பிரசவத்தோடு போகும் என்றோம், போகவில்லை. இன்றைக்கும் உன் ஹேண்ட்பேக்கைத் திறந்தால் ஜெலுசில் இருக்கிறது. உனக்குத் தேதி குறித்த டாக்டர் எழுதின தாளில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. எண்டோஸ்கோப்பியும் எடுக்கவில்லை. அவர் கேட்கவில்லையா, நீ சொல்லவில்லையா, தெரியவில்லை. இது சொல்லாமல் விடுகிற விஷயம் இல்லை பாப்பா. உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, இரைப்பை மேலே ஏறின ஹெர்னியா இருக்கிறதா என்று உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தபிறகுதான் எது என்று முடிவெடுக்கவேண்டும். அப்படி ஏதாவது தெரிந்தால் உனக்கு பைபாஸ்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். நான் நர்ஸ், டாக்டர் இல்லை. அதனால் அந்த ரிப்போர்ட்டை, இந்த ஆஸ்பத்திரியோடு சம்பந்தமே இல்லாத வேறொரு சர்ஜனிடமும் போய்க் காட்டு. ரெண்டு பேரும் ஒன்றையே சொன்னால் மனசு ஆறும்.

இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி, மீதிக்குத் தவணை என்று அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற பெண் சொன்னதாக எழுதியிருந்தாய். தள்ளுபடிக்காக நாள் குறிக்கிற காரியமா இது? உன் கம்பெனி இன்ஷூரன்ஸைப் பார்த்தாயா? டாக்டர் பரிந்துரைத்து, 18 வயது தாண்டி, பி.எம்.ஐ. 40-க்குக் குறையாமல் இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போனவர்களுக்குப் பாலிசியில் இந்த ஆபரேஷன் சேரும்படி 2019-ல் காப்பீட்டு ஆணையம் விதி போட்டிருக்கிறது. 35-க்கு மேல் இருப்பவர்களுக்கும் சில கடுமையான நோய்கள் கூட இருந்தால் சேரும். ஆபீஸில் கேள், காத்திருக்கவேண்டிய காலம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேள். டயட்டீஷியனிடம் போன சீட்டு, பழைய எடைக் குறிப்பு எல்லாவற்றையும் தேடி எடுத்து வை, அவர்கள் கேட்பார்கள். தாலிக்கொடியை வைக்கலாமா என்று இனி என்னிடம் கேட்காதே.

ஊசி போட்டுப் பார்க்கலாமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். தப்பில்லை. 2025-ல் நம் நாட்டுக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி ரெண்டுமே நல்ல மருந்துகள். உடம்பு எடையில் சராசரியாக 15-லிருந்து 20 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருக்கின்றன. ஆபரேஷனில் 25-லிருந்து 30 சதவீதம். உன் எடைக்கு அது 28 கிலோவுக்குக் குறையாது. ஊசியை நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது, அதனால் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உன் எடைக்கும் சுகருக்கும் ஆபரேஷன்தான் முதல் வழி என்று எனக்குப் படுகிறது. கத்தி வேண்டவே வேண்டாம் என்று உன் மனசு சொன்னால் ஊசியைப்பற்றி டாக்டரிடம் கேள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ள வாழ்க்கையைப்பற்றி உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பது நீ கேட்கிற கேள்வியிலேயே தெரிகிறது. முதல் ரெண்டு வாரம் வெறும் நீராகாரம். அப்புறம் குழைத்தது, அப்புறம் மெதுவானது. நாம் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட ஒன்றரை மாதம் ஆகும். அதற்கப்புறமும் அரை இட்லி, ஒரு முட்டை என்றுதான் போகும். நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகவேண்டும். கஞ்சியும் ரசமும் குடித்து ஒப்பேற்ற முடியாது. தட்டில் முதலில் மீன், முட்டை, பனீர், சுண்டல், தயிர். இடம் இருந்தால்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் விட்டுக் குடிக்கவேண்டும். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். பயப்படாதே, சத்து சரியாக இருந்தால் திரும்ப வளரும். எடை வேகமாகக் குறைவதால் பித்தக்கல் வரலாம், அதற்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பார்கள். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் உயிர் உள்ளவரை. வருஷா வருஷம் ரத்தம் பார்க்கவேண்டும். தைராய்டு மாத்திரையையே மறக்கிற பெண் நீ. இதை மறந்தால் கை கால் மரத்து, ரத்தம் வற்றி, எலும்பு உளுத்துப்போகும். முட்டிவலி என்று கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கத்தை அடியோடு விடவேண்டும், பைபாஸ் செய்தால் அது இணைப்பில் புண்ணாக்கும்.

ரெண்டாவது பிள்ளை ஆசை உனக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம், முடிந்தால் ஒன்றரை வருஷம் கரு தங்கக்கூடாது. எடை இறங்கினதும் நின்றுபோன மாதவிலக்கு ஒழுங்காகி எளிதில் தங்கிவிடும். பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமலும் போகலாம். அதனால் முன்கூட்டியே லேடி டாக்டரைப் பார்த்து வேறு ஏற்பாடு செய்துகொள்.

இன்னொன்று. கோபப்படாமல் படி. அத்தான் தவறின வருஷத்திலிருந்து நீ ராத்திரியில் எழுந்து சாப்பிடுகிறாய். உன் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா செத்ததற்கு நீ வாய்விட்டு அழவே இல்லை. காரியத்தன்றுகூட வந்தவர்களுக்குப் பந்தி கவனித்தாய். ஆறு மாதம் கழித்து உன் வீட்டில் தங்கினபோது விடிகாலையில் அடுப்படியில் இருட்டிலேயே நின்று முறுக்கு டப்பாவைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாய். நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். அந்தப் பசியை எந்த ஆபரேஷனும் தொடாது. சின்ன வயிற்றில் சோறு இறங்காது, ஆனால் முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். சில வருஷத்தில் எடை திரும்புகிறவர்களில் பலருக்கு இப்படித்தான் திரும்புகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்களே, அதைச் சடங்குக்குப் போய் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதே. அங்கே போய் உன் அப்பாவைப்பற்றிப் பேசு. அவர்களிடம் முடியாவிட்டால் என்னிடம் பேசு. எனக்கும் அத்தான் நினைப்பு வராத நாள் இல்லை.

தேதிக்கு வருகிறேன். தை மாதம் மாமா மகள் கல்யாணத்துக்குள் இளைத்துவிடவேண்டும் என்றுதான் நீ அவசரப்படுகிறாய், இல்லையா? கேலி பேசுகிற நாலு பேருக்காக வயிற்றைக் கொடுக்காதே. அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு இந்த உடம்போடேயே வந்து முன்வரிசையில் உட்கார். யாராவது ஏதாவது சொன்னால் நான் பக்கத்தில் இருப்பேன். ஆபரேஷனை மாசியில் வைத்துக்கொள். அதற்குள் எண்டோஸ்கோப்பி, ரெண்டாவது டாக்டர், இன்ஷூரன்ஸ், ஆலோசகர் எல்லாம் முடியும். கடைசி ரெண்டு வாரம் ஈரலைச் சுருக்க நீராகாரம் கொடுப்பார்கள், அதைக் கல்யாண வீட்டில் இருந்துகொண்டு செய்யவும் முடியாது.

மாப்பிள்ளை "உன் இஷ்டம்" என்று சொல்வது நல்ல மனசுதான், ஆனால் இதற்குப் போதாது. டாக்டரிடம் போகும்போதெல்லாம் கூட வரட்டும். வீட்டுக்கு வந்தபிறகு நாடி 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ தோள்பட்டை வலியோ மூச்சிரைப்போ வந்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடவேண்டியவர் அவர்தான். தையல் போட்ட இடத்தில் கசிவு வந்தால் இப்படித்தான் காட்டும், நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வருகிறது. வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டாலும் அப்படித்தான், பி1 வைட்டமின் வற்றி மூளையைத் தாக்கும். இந்தப் பத்தியை மட்டுமாவது அவருக்குப் படித்துக் காட்டு. ராத்திரி பரோட்டா பார்சல் வாங்கிவருவதை இப்போதே நிறுத்தச் சொல்.

உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். மாசியில் நாங்கள் ரெண்டு பேரும் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துவிடுகிறோம், நீ மறுபடி ஆபீஸ் போகிறவரை அங்கேதான் இருப்போம். அடுப்படி என் பொறுப்பு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது அவள் பொறுப்பு. மிக்சி ஜார் உடைந்துகிடக்கிறது என்றாயே, அதை மட்டும் மாற்றி வை, குழைத்து அரைக்க நிறைய வேலை இருக்கும். எண்டோஸ்கோப்பிக்கு இந்த வாரமே நாள் வாங்கு. ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, சரியாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்து எடு.

பிள்ளைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் சித்தி